ஃப்ரீசரில் கட்டிய ஐஸ்: மலையில் எந்த வழி வேலைக்கு ஆகும்?

சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜில் ஐஸ் கட்டுவது பழுது இல்லை. அதில் ஃப்ரீசர் பெட்டியின் சுவரே குளிரூட்டும் பாகம் என்பதால் கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே போகிற ஈரம் நேராக அங்கே போய் ஒட்டி உறைகிறது. ஐஸ் கட்டும், நாம்தான் அவ்வப்போது எடுக்க வேண்டும். எப்படி எடுப்பது என்பதில்தான் ஆளுக்கு ஒரு வழி சொல்கிறார்கள். அந்த வழிகளில் பாதிக்கு மேல் சமவெளி வீட்டுக்கானவை. கோத்தகிரியிலோ ஊட்டியிலோ டிசம்பர் மாதம் அதையே செய்தால் கதை வேறு.

முதலில் எல்லோரும் சொல்வது, ஸ்விட்சை அணைத்துக் கதவைத் திறந்து போட்டுவிடுங்கள், தானாக உருகிவிடும் என்று. கோயம்புத்தூரில் உருகும். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும், அந்த வெப்பத்தை அறைக் காற்றுதான் தரவேண்டும். 30 டிகிரி அடுப்படியில் அது சீக்கிரம் நடக்கும். நம் வீட்டு அடுப்படி குளிர்காலத்தில் 15 டிகிரியைத் தொட்டாலே பெரிய விஷயம், அதனால் இரண்டு மடங்கு நேரமாவது ஆகும். ராத்திரி திறந்து போட்டால் அறை இன்னும் குளிர்ந்துவிடுகிறது, காலையில் பார்த்தால் பாதி ஐஸ் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும், தரையெல்லாம் ஈரம், அந்த ஈரம் காயவும் காயாது. ஏப்ரல், மே மாதமென்றால் சரி, மற்ற மாதங்களில் இதை மட்டும் நம்பாதீர்கள்.

டயலுக்கு நடுவில் இருக்கிற டிஃப்ராஸ்ட் பட்டன் நல்ல ஏற்பாடு. அழுத்தினால் கம்ப்ரசர் நிற்கும், ஐஸ் உருகி பெட்டி ஓரளவு சூடானதும் தானாக மறுபடி ஓடும். ஆனால் இது மெல்லிய படலத்துக்குத்தான். ஐஸ் அரை சென்டிமீட்டர் ஆவதற்குள் அழுத்திப் பழகியவர்களுக்கு வேறு எந்த வழியும் தேவைப்படாது. கைமுட்டி அளவு கட்டிய பிறகு அழுத்தினால் மேலே சொன்ன அதே பிரச்சினைதான், குளிர்ந்த அறையில் அது உருகி முடிய வெகுநேரம் ஆகும்.

ஹேர் டிரையர் வேகமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, தண்ணீர் சொட்டும் பெட்டிக்குள் நீட்டி, ஈரத் தரையில் நிற்பது எனக்குச் சம்மதமில்லை. போதாக்குறைக்குக் காற்றை ஒரே இடத்தில் காட்டினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் வளைந்துவிடும். கத்தி, ஸ்க்ரூடிரைவர் பற்றிப் பேசவே வேண்டாம். அந்தச் சுவருக்குள் மெல்லிய குழாய்களில் கேஸ் ஓடுகிறது, ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் போதும், கேஸ் முழுக்கப் போய்விடும். இப்போது வரும் ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்600ஏ என்கிற கேஸ், அது தீப்பிடிக்கக்கூடியது. உப்பு தூவினால் உருகும், அலுமினியத்தை அரித்தும் விடும்.

என் ஓட்டு சுடுதண்ணீருக்குத்தான். ஃப்ரிட்ஜை அணைத்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃப்ரீசரின் அடித்தட்டில் கெட்டியான துணியை நான்காக மடித்து விரியுங்கள். அதன்மேல் வாயகன்ற, உயரம் குறைந்த எவர்சில்வர் பாத்திரத்தில் சுடுதண்ணீர் வைத்து ஃப்ரீசரின் சின்னக் கதவை மூடிவிடுங்கள். கோத்தகிரி உயரத்தில் தண்ணீர் 94 டிகிரிவாக்கிலேயே கொதித்துவிடும், அது தாராளமாகப் போதும். கணக்குப்படி ஒரு லிட்டரில் கிட்டத்தட்ட ஒரு கிலோ ஐஸை உருக்கும் வெப்பம் இருக்கிறது, காற்றில் வீணாவது போகப் பாதி கிடைத்தாலும் லாபம்தான். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். ஓரத்தில் முதலில் ஐஸின் வெள்ளை மாறிக் கண்ணாடி மாதிரி ஆகும், அப்புறம் சுவருக்கும் ஐஸுக்கும் நடுவே ஒரு மெல்லிய நீர்க்கோடு தெரியும். அது தெரிந்ததும் கையால் லேசாக அசைத்தாலே பாளமாகக் கழன்று வரும். அசையவில்லையென்றால் இன்னொரு பாத்திரம் வையுங்கள், இழுக்காதீர்கள்.

இதற்கு ஏற்ற நாள், மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காக கரண்ட்டை நிறுத்தும் நாள். எப்படியும் ஃப்ரிட்ஜ் ஓடாது, சுடுதண்ணீருக்கு கேஸ் அடுப்பு போதும், ஹேர் டிரையர்காரர்கள் அன்றைக்குச் சும்மாதான் இருக்க வேண்டும்.

சரி, எடுத்தாயிற்று, பத்து நாளில் திரும்பக் கட்டுகிறது என்றால்? இங்கே எல்லோரும் பழி போடுவது மூடுபனி மேல். அது நியாயமில்லை. 15 டிகிரியில் காற்று முழுக்க ஈரமாக இருந்தாலும் ஒரு கன மீட்டருக்கு 13 கிராம் தண்ணீர்கூட இருக்காது. 30 டிகிரியில் 70 சதவீத ஈரப்பதமுள்ள சென்னைக் காற்றில் 21 கிராம் இருக்கும். நம் காற்று ஜில்லென்று தெரிகிறதே தவிர அதில் தண்ணீர் குறைவுதான். அப்படியிருந்தும் மளமளவென்று கட்டினால் கதவு சரியாக மூடவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், பிடிமானமே இல்லாமல் வந்தால் அந்த இடத்தில் கதவு ரப்பர் போய்விட்டது. நாலு பக்கமும் பாருங்கள், கீழ் ஓரத்தை விடாதீர்கள். ரப்பர் மடிப்பில் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருந்தால் சோப்புத் தண்ணீரில் துடையுங்கள், குளிரில் விறைத்திருந்தால் சுடுதண்ணீரில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடுங்கள், பல நேரம் அதிலேயே சரியாகிவிடும். ஃப்ரீசரின் சின்ன பிளாஸ்டிக் கதவு உடைந்துபோய் அப்படியே ஓட்டுகிற வீடுகள் நிறைய, அதையும் மாற்றுங்கள். ரசத்தையும் குழம்பையும் ஆறவைத்து, மூடி வையுங்கள்.

‘எல்லாம் எதுக்கு, டபுள் டோர் வாங்கிடுங்க’ என்று கடையில் சொல்வார்கள். அதில் ஹீட்டர் அவ்வப்போது தானாக உருக்கிவிடும், வாஸ்தவம். ஆனால் ஃப்ரிட்ஜ் லேபிளில் தட்பவெப்ப வகை என்று ஒன்று இருக்கும்: ‘டி’ (T) என்றால் 16 முதல் 43 டிகிரி வரையிலான அறைக்கு, ‘எஸ்என்’ (SN) என்றால் 10 முதல் 32 வரை. ஜனவரியில் நம் அடுப்படி 16க்குக் கீழே போனால் பல டபுள் டோர்களில் கீழ்த்தட்டு தானே குளிர்ந்திருப்பதால் கம்ப்ரசர் அதிகம் ஓடாது, மேலே ஐஸ்கிரீம் இளகும். ஹீட்டரோ சென்சாரோ போனால் ஐஸ் பின்பலகைக்குப் பின்னால் கட்டும், கண்ணுக்கே தெரியாது. ஃப்ரீசர் குளிரும், கீழே பால் திரியும், அதுதான் அடையாளம். அங்கே சுடுதண்ணீர் பாத்திரம் எட்டாது, மெக்கானிக்தான் திறக்க வேண்டும். ஐஸ் தொல்லைக்காக மட்டும் டபுள் டோர் வாங்காதீர்கள், இடம் போதவில்லை என்றால் வாங்குங்கள்.

ஐஸ் எடுத்தபின் உள்ளே உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்த பிறகே ஸ்விட்சைப் போடுங்கள், மிச்சத் தண்ணீர்தான் அடுத்த ஐஸின் முதல் படலம். டயலையும் குளிர்காலத்தில் குறைத்தே வையுங்கள். ரப்பர் சரி, சின்னக் கதவும் சரி, ஆனாலும் கம்ப்ரசர் நிற்காமல் ஓடி ஐஸ் கட்டுகிறது என்றால், குளிர் போதுமானதும் கம்ப்ரசரை நிறுத்தும் தெர்மோஸ்டாட் போயிருக்கலாம், மெக்கானிக்கிடம் அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.