கொங்கு மெஸ் சாப்பாடு: சுருக்கிய இரைப்பைக்கு எது ஒத்துவரும்?

கோயம்புத்தூரிலிருந்து பெருந்துறை, ஈரோடு, பள்ளிபாளையம் வழியாக நாமக்கல் வரைக்கும் மதியம் எந்த அசைவ மெஸ்ஸில் நுழைந்தாலும் இலையின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். நடுவில் குவித்த சோறு, அதன்மேல் குழம்பு, பிறகு ரசம், பிறகு மோர். கறியும் முட்டையும் இலையின் ஓரத்தில். உடல் எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்தவர் இந்த இலையின் முன் உட்காரலாமா என்றால், தாராளமாக உட்காரலாம். அவருக்கு வேண்டிய சாமான் முழுக்க அங்கேயே இருக்கிறது. ஓரத்தில் இருப்பதை நடுவுக்கு இழுத்து, நடுவில் இருப்பதை ஓரத்துக்குத் தள்ளத் தெரிந்திருந்தால் போதும்.

ஆபரேஷன் முடிந்து சுமார் இரண்டு மாதம் கடந்து, கெட்டி உணவு சாப்பிடலாம் என்று சர்ஜனும் டயட்டீஷியனும் சொன்னவர்களுக்குத்தான் இந்த மதிப்பீடு. முதல் இரண்டு வாரம் நீராகாரம், அடுத்த இரண்டு வாரம் மசித்தது, அதன்பின் மென்மையானது என்று படிப்படியாக ஏறும் காலத்தில் மெஸ் பக்கமே போக வேண்டாம். உள்ளே தையல் ஆறும் காலம் அது.

முதலில் அளவு. இந்த ஆபரேஷனில் பரவலானவை இரண்டு. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மீதி இருப்பது தொடக்கத்தில் 100 முதல் 150 மில்லி பிடிக்கும், கிட்டத்தட்ட ஒரு காபி டம்ளர் அளவு. இரைப்பை பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியில் ஒரு சின்னப் பை செய்து, சிறுகுடலின் தொடக்கத்தைத் தாண்டி இணைத்துவிடுகிறார்கள்; அந்தப் பை சுமார் 30 மில்லிதான். ஒரு நாளைக்கு வேண்டிய புரதமோ 60 முதல் 80 கிராம். மூன்று வேளைக்குப் பிரித்தால் வேளைக்கு 20 கிராமாவது வேண்டும். 100 கிராம் வெந்த சோற்றில் இரண்டரை கிராம் புரதம்தான் இருக்கிறது. டம்ளரைச் சோற்றால் நிரப்பினால் புரதத்துக்கு இடமே இல்லை. முடி கொட்டுவதும், கை கால் சோர்வதும், எடையோடு தசையும் கரைவதும் பெரும்பாலும் இந்தக் கணக்கு தவறும் இலையில்தான் தொடங்குகின்றன. மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை ஓரளவு முடி கொட்டுவது வேகமாக எடை இறங்குவதாலும் வரும். புரதமும் குறைந்தால் அது இன்னும் மோசமாகும்.

மெஸ்ஸில் முதல் மதிப்பெண் கலக்கிக்கு. பரோட்டாக் கல்லில் முட்டையோடு கொஞ்சம் சால்னா விட்டு, முழுதாக இறுகுமுன் சுருட்டி எடுக்கும் இந்தப் பதார்த்தம் சுருக்கிய இரைப்பைக்கென்றே செய்ததுபோல் இருக்கும். ஈரமானது, மெல்ல எளிது, ஒரு முட்டைக்கு 6 கிராம் புரதம். ஒரு திருத்தம் மட்டும் சொல்ல வேண்டும்: "அண்ணா, கலக்கி ஒண்ணு, நல்லா வேகட்டுங்க, சால்னா காரம் கம்மியா ஊத்துங்க." அரைவேக்காட்டு முட்டை கிருமிக்கு இடம் கொடுக்கும். காரமும் எண்ணெயும் கூடினால் நெஞ்செரிச்சல் வரும். ஸ்லீவ் செய்தவர்களுக்கு ஏற்கெனவே அந்தத் தொல்லை அதிகம். அதே காரணத்தால் ஆஃபாயில் வேண்டாம். அவித்த முட்டை நல்லதுதான், ஆனால் மஞ்சள் கரு வறண்டு தொண்டையில் நிற்கும். குழம்பு ஒரு ஸ்பூன் விட்டு மசித்துச் சாப்பிட வேண்டும்.

பள்ளிபாளையம் சிக்கனைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம், ஏனென்றால் எல்லோரும் ஆசைப்படுவதும் சிக்கிக்கொள்வதும் இதில்தான். சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ச் சில்லு, கோழி. மசாலாப் பொடி அதிகம் சேராத சுத்தமான வறுவல். எலும்பில்லாத வெந்த கறி 50 கிராமில் 13 கிராம் அளவுக்குப் புரதம் கிடைக்கும். தொல்லை மூன்று இடத்தில் இருக்கிறது. முதலாவது வறட்சி: கல்லில் நேரம் கூடக்கூடக் கோழி நார்நாராகிறது, நெஞ்சுக் கறி இன்னும் சீக்கிரம். தொடைக் கறியாகக் கேட்டு வாங்குவதும், கோழிக் குழம்பை ஒரு கரண்டி மேலே விட்டு ஐந்து நிமிடம் ஊறவிடுவதும் இதைச் சரிசெய்யும். இரண்டாவது தேங்காய்ச் சில்லு. எவ்வளவு மென்றாலும் அது சக்கைதான். முதல் ஆறு மாதத்துக்கு அதை அப்படியே ஒதுக்கிவிடுங்கள். அதில் ஏறிய ருசி கறியிலும் இருக்கிறது. மூன்றாவது வரமிளகாய்த் தோல். கரையாது, ஒட்டிக்கொள்ளும், எரியும். பொறுக்கி வெளியே வைத்துவிட்டு உட்காருங்கள். கறித் துண்டு ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தளவு. ஒவ்வொன்றுக்கும் இருபது முப்பது மெல்லல். வாய் காலியான பிறகுதான் அடுத்தது. முழு வேளைக்கும் 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். பந்தி வேகத்தில் ஓடும் மெஸ்ஸில் மதியம் ஒன்றேகால் மணிக்குப் போனால் இது நடக்காது. பின்னால் ஆள் நிற்பார். பன்னிரண்டு மணிக்கோ, இரண்டரைக்கு மேலோ போவது உத்தமம்.

நாட்டுக்கோழி ருசியில் உயர்ந்தது, ஆனால் தசை இறுக்கம். குழம்பில் நன்றாக வெந்திருந்தால் ஒழிய முதல் வருடம் பிராய்லரே பாதுகாப்பு. வெள்ளாட்டுக் கறியும் அப்படித்தான்: சுக்கா வேண்டாம், குழம்பில் கிடக்கும் வெந்த துண்டு இரண்டு போதும். குடல் குழம்பில் குடல் ரப்பர் போல நழுவும், மெல்லாமலே இறங்கிவிடும். அதனாலேயே அது ஆபத்து. ரத்தப் பொரியல் இதற்கு நேர்மாறு. உதிரியாக, மென்மையாக இருக்கும், புரதத்தோடு உடல் எளிதில் ஏற்கும் இரும்புச் சத்தும் உண்டு. பைபாஸ் செய்தவருக்கு இரும்பு உறிஞ்சும் குடல் பகுதி தாண்டிப் போய்விடுவதால் இது சின்ன விஷயமில்லை. சுத்தமாகச் செய்யும் கடை என்று தெரிந்தால் இரண்டு ஸ்பூன் வாங்கலாம். எலும்பு சூப்பை ஊட்டம் என்று நம்பி டம்ளர் டம்ளராகக் கொடுப்பவர்கள் நம் பக்கம் அதிகம். அதில் புரதம் சொற்பம், உப்பும் கொழுப்பும்தான் கூடுதல். பசியாற்றும் உணவாக அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மாதிரிக்கு ஓர் இலை: ஒரு முட்டைக் கலக்கி, 50 கிராம் கோழி, கடைந்த பருப்பு இரண்டு ஸ்பூன். கூட்டினால் சுமார் 21 கிராம் புரதம். ஸ்லீவ் செய்தவருக்கு மூன்றாம் நான்காம் மாதத்தில் இது வயிற்றை நிரப்பிவிடும். பைபாஸ் செய்தவருக்கு இதில் பாதி; மீதியைப் பார்சல் வாங்கி மூன்று மணி நேரம் கழித்துச் சாப்பிடலாம். சோறு? கடைசியில், இடமிருந்தால், குழைந்ததாக ஒன்றிரண்டு வாய். ஏப்பம், விக்கல், திடீரென்று மூக்கில் நீர் ஒழுகல் இவற்றில் ஏதாவது வந்தால் அதுதான் "போதும்" என்ற சொல். அதற்கு மேல் ஒரு வாய் வைத்தாலும் திரும்பி வரும்.

சைவ மெஸ்ஸுக்கு மதிப்பெண் குறைவுதான். அரிசிம்பருப்பு நம் மண்ணின் அருமையான சாப்பாடு; ஆனாலும் அதில் அரிசி ஓங்கிப் பருப்பு தாழ்ந்து இருக்கிறது. வீட்டில் செய்யும்போது அரிசிக்குச் சமமாகப் பருப்பைப் போட்டுக் குழைய வேகவைத்தால் இந்த இரைப்பைக்கு நல்ல உணவாகிவிடும். கடையில் அப்படிக் கேட்க முடியாது. தட்டப்பயறுக் குழம்பில் பயறை மட்டும் அரித்து வாங்கலாம். கொள்ளுப் பருப்பு கடைந்தது சிறந்தது, கெட்டியாக 100 கிராம் எடுத்தால் ஆறேழு கிராம் புரதம் வரும். வாயு தொந்தரவு தரும் என்பதால் முதல் முறை ஒரு ஸ்பூனோடு நிறுத்திப் பார்க்க வேண்டும். கொள்ளு எடை குறைக்கும் என்று கொள்ளு ரசத்தையே குடித்துக்கொண்டிருப்பவர்களுக்கு: ரசத்தில் இறங்குவது மணமும் உப்பும்தான், பருப்பு அடியில் தங்கிவிடுகிறது. மீல்மேக்கர் குழம்பு இருந்தால் அதுதான் சைவ இலையின் கறி; நன்றாகப் பிழிந்து, நறுக்கி, மென்று சாப்பிடலாம். கோவையில் சாயங்காலத் தள்ளுவண்டிக் காளானை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பெயர்தான் காளான், உள்ளே பெரும்பங்கு முட்டைக்கோஸும் மைதாவும். பரோட்டாவும் பன்னும் ஈரம்பட்டதும் மாவுருண்டையாகத் திரண்டு இரைப்பையின் வாசலை அடைக்கும். அவை வேண்டவே வேண்டாம்.

மெஸ் சேவையில் மிகப் பெரிய குறை தண்ணீர் விஷயத்தில். உட்கார்ந்ததும் டம்ளர் நிறையத் தண்ணீர், இடையில் ரசம், முடிவில் மோர் என்று திரவமும் திடமும் கலந்தே வருகிறது. சாப்பாட்டோடு குடித்தால் உணவு சீக்கிரம் கீழே இறங்கிவிடும், வயிறு நிறைந்த உணர்வு நிற்காது, சில நேரம் இடமே இல்லாமல் வாந்தியாகும். சாப்பிடும்போதும், முடித்து அரை மணி நேரம் வரையிலும் குடிக்கக் கூடாது. ஆனால் நாளைக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும், இல்லையென்றால் தலைசுற்றலும் மலச்சிக்கலும் நிச்சயம். மோரையும் ரசத்தையும் பாட்டிலில் பார்சலாக வாங்கி அந்த அரை மணி கழிந்த பிறகு சப்பிச் சப்பிக் குடிப்பதுதான் வழி. கோலி சோடா, பன்னீர் சோடா எதுவும் வேண்டாம். வாயு உள்ளே விரிந்து வலிக்கும். இளநீர் பரவாயில்லை, நாளைக்கு ஒன்றோடு சரி.

இனிப்பில் ஒரு நம்பிக்கையை உடைக்க வேண்டியிருக்கிறது. கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, வெல்லம் எல்லாம் உடம்புக்கு நல்லது என்று ஒப்புட்டையும் கச்சாயத்தையும் பழனிப் பஞ்சாமிர்தத்தையும் வைப்பார்கள். குடலுக்குள் வேகமாகப் போய்விழும் சர்க்கரை எந்த நிறத்தில் இருந்தாலும் சர்க்கரைதான். பைபாஸ் செய்தவர்களுக்கு இது டம்பிங்கைக் கிளப்பும்: பத்து முதல் முப்பது நிமிடத்தில் வியர்வை, படபடப்பு, வயிற்றைப் பிசைதல், பேதி. இன்னொரு வகை ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வரும். இன்சுலின் மிகையாகச் சுரந்து ரத்தச் சர்க்கரை விழுந்து கை நடுங்கும். வண்டி ஓட்டுபவர் இதை மறக்கவே கூடாது. பிரசாதம் என்றால் விரல் நுனியளவு, அதுவும் சாப்பாட்டுக்குப் பின்.

சாப்பாடு முடிந்ததும் டீ சொல்லும் பழக்கமும் கணக்கைக் கெடுக்கும். டீயும் காபியும் இரும்புச் சத்தைத் தடுக்கும். தயிரும் கால்சிய மாத்திரையும் அதையே செய்யும். இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விட வேண்டும். கால்சியம் ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் சரியாக உறிஞ்சாது, அதனால்தான் பிரித்துப் போடச் சொல்கிறார்கள். பி12 உள்ளிட்ட மாத்திரைகள் ஆயுள் முழுக்கத் தொடர வேண்டியவை. எடை குறைந்துவிட்டது என்று நிறுத்துவதுதான் இரண்டாம் வருடத்தில் ரத்தசோகையாகவும் கால் மரத்துப்போவதாகவும் வந்து நிற்கிறது.

மெஸ்ஸிலேயே அடைத்துக்கொண்டால் நெஞ்சு நடுவில் கல் வைத்தாற்போல் இருக்கும், எச்சில் நுரை நுரையாக ஊறும். தண்ணீர் ஊற்றித் தள்ளப் பார்க்காதீர்கள், மேலே இன்னும் நிரம்பும். எழுந்து வெளியே வந்து மெதுவாக நடங்கள். பெரும்பாலும் அரை மணியில் இறங்கும் அல்லது வந்துவிடும். எச்சிலைக்கூட விழுங்க முடியாவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. நாள்கணக்கில் வாந்தி நீடித்தால் பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வருவது நம் ஊர் வழக்கம். இங்கே அது ஆபத்தாகலாம். பி1 வைட்டமின் (தயமின்) குறைந்திருக்கும் உடம்பில், பி1 கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். "இரைப்பை ஆபரேஷன் பண்ணியிருக்குதுங்க, முதல்ல தயமின் போடுங்க" என்று சொல்லத் துணைக்கு வரும் ஆளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பரிமாறுபவரின் அன்பையும் சொல்லியாக வேண்டும். "ஏனுங்க, ஒண்ணுமே சாப்பிடலியே, இன்னுங் கொஞ்சம் வெச்சுக்கங்க" என்பது இந்த நாட்டின் மரியாதை. இலை விரித்த பிறகு மறுத்தால் அவர் மனம் வாடும், சோறும் வீணாகும். உட்காரும்போதே, "சோறு வேண்டாமுங்க, கலக்கியும் கறியும் மட்டும் தட்டுல குடுங்க, டாக்டர் சொல்லியிருக்காருங்க" என்றால் யாரும் மறுப்பதில்லை. சாப்பாட்டு டோக்கன் வாங்காமல் தனி அயிட்டமாகச் சொன்னால் காசும் குறையும். அரை பிளேட் வறுவல் தரும் மெஸ் கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பார்சல் கறியை வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜில் வைத்து அன்றைக்கே முடித்துவிட வேண்டும். சூடு பண்ணும்போது வெறும் வாணலியில் போட்டால் கோழி மறுபடி வறண்டு மதியம் தப்பித்த அடைப்பு ராத்திரி வரும். இரண்டு ஸ்பூன் குழம்போ வெந்நீரோ தெளித்து, மூடி போட்டு, சிறு தீயில் நன்கு ஆவி வரும்வரை சூடாக்குங்கள்.