கடலோரத்தில் எதை ஒளித்து வைப்பது? ஜார்ஜ்டவுன் கரையில் ஜியோகேச்சிங்

சென்ற ஆண்டு தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுன் நகரின் பாடாங் கோத்தா லாமா கடற்சுவர் ஓரமாக அக்காள் மகளை அழைத்துப் போயிருந்தேன். அவளுக்குப் பத்து வயது. நான் ஒளித்து வைத்திருந்த டப்பாவைத் தானே கண்டுபிடிப்பதாகச் சொல்லி, கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடினாள். எண்கள் சரியாகத்தான் இருந்தன. டப்பாவைத்தான் காணோம். அது ஒட்டியிருந்த இரும்பு இருக்கையையும் காணோம். புதுப்பிப்பு வேலையில் இருக்கை வேறெங்கோ போய்விட்டிருந்தது. பிள்ளையின் முகம் வாடியது. பினாங்கின் இந்தப் புதுக்கரையில் எந்த வகைத் தேடல் நிலைக்கும், எது நிலைக்காது என்று அன்றுதான் உட்கார்ந்து யோசிக்கத் தொடங்கினேன்.

ஜியோகேச்சிங் விளையாட்டு தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்து வைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் துணையோடு தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் சீட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைப்பார்கள். செயற்கைக்கோள் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே வைத்திருந்த பிழை 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கப்பட்டது. அடுத்த ஓரிரு நாளில், மே 3ஆம் தேதி, ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியில் பொருள்களைப் போட்டு ஒளித்து வைத்ததுதான் தொடக்கம்.

என் கண் முன்னால் இருந்தவை நான்கு வழிகள். முதலாவது, நான் ஏற்கெனவே செய்து பார்த்த காந்த நானோ. விரல்நுனி அளவு உலோகக் குப்பி. உள்ளே சுருட்டிய ஒரு சீட்டு. வைப்பது எளிது, எவர் கண்ணிலும் படாது. ஆனால் கடற்கரைக்கு இது ஏற்றதே இல்லை. உப்புக்காற்று அந்தக் காந்தத்தை விட்டுவைப்பதில்லை. வெள்ளிபோல் மினுங்கும் மேல்பூச்சு முதலில் கொப்புளம் விடும். பிறகு செதிலாக உரியும். கடைசியில் உள்ளிருக்கும் கரும்பொடி விரலில் ஒட்டும். நான் வைத்த இன்னொரு நானோவை மழைக்காலம் முடிந்து திறந்தபோது, சீட்டு ஊறவைத்த அவல்போல் வந்தது. அதில் யார் யார் கையெழுத்திட்டார்கள் என்று சொல்லவே முடியவில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஆள்நடமாட்டம். கரை அழகானதிலிருந்து காலையில் நடைபயிற்சி, மாலையில் குடும்பங்கள், எப்போதும் யாராவது ஒரு காவலாளி. குனிந்து இருக்கைக்கு அடியில் கைவிட்டுத் துழாவும் மனிதரைப் பார்த்தால் எவருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

கரையிலேயே கொஞ்சம் பெரிய டப்பா வைப்பது இரண்டாவது வழி. இதற்கு நல்ல பொருள் ஒன்று உண்டு: சோடா பாட்டிலாக ஊதப்படுவதற்கு முன்பிருக்கும் தடித்த பிளாஸ்டிக் குழாய். கட்டைவிரலைவிடச் சற்றுப் பருமன், திருகு மூடி, தண்ணீர் புகாது. உள்ளே பேனா வேண்டாம், சிறு பென்சில் போதும். டப்பா சரி. இடம் எங்கே? ஜார்ஜ்டவுன் 2008 ஜூலையிலிருந்து மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோ உலக மரபுரிமைத் தலம். கார்ன்வாலிஸ் கோட்டைச் சுவரின் செங்கல் இடுக்கில் எதையாவது செருகுவதை நினைக்கவே எனக்குக் கூசுகிறது. மலேரியா அச்சத்தால் 1920களில் தூர்க்கப்பட்ட அகழியை மெனக்கெட்டுத் தோண்டி மீட்கும் வேலை நடந்திருக்கிறது; அதன் பக்கத்தில் நம் கைவரிசை வேண்டாம். அனுமதியில்லாமல் புதைப்பதும் ஆணியடிப்பதும் விளையாட்டின் விதிப்படியே கூடாது.

பலருக்கும் உடனே தோன்றுவது வெல்ட் கீ என்ற கடலோரச் சாலையில், சீனக் குலத்தார் சேர்ந்து வாழும் தோணித்துறைகள். அங்கே வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பலகைப் பாலத்துக்கு இருபுறமும் இருப்பவை மக்கள் குடியிருக்கும் வீடுகள். படமெடுக்க வரும் கூட்டத்தையே அவர்கள் பொறுத்துக்கொண்டு வாழ்கிறார்கள். வாசற்படிக்குப் பக்கத்தில் கைவிட்டுத் தேடும் கூட்டத்தையும் அனுப்புவது முறையல்ல.

மூன்றாவது வழியில் டப்பாவே கிடையாது. அட்வென்ச்சர் லேப் என்பார்கள். கைப்பேசிச் செயலி வழக்கமாக ஐந்து இடங்களுக்கு அழைத்துப் போகும். ஒவ்வோர் இடத்திலும் நின்று ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். மரபுரிமைக் கட்டடங்களுக்கு இதனால் ஒரு கீறல்கூட விழாது. மழையில் ஊறாது, துருப்பிடிக்காது, இருக்கையோடு காணாமலும் போகாது. சக்கர நாற்காலியில் வருபவரும் ஆட முடிகிற மாதிரி இடங்களைத் தேர்ந்தெடுக்கலாம். விளக்கத்தைத் தமிழிலேயே எழுதலாம். இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அறிவோடு பார்த்தால் இதுதான் வெல்ல வேண்டும். ஆனால் அக்காள் மகள் ஒரே கேள்வி கேட்டாள்: "கடைசியில் என்ன கிடைக்கும், மாமா?" திரையில் ஒரு குறி விழும் என்றேன். அவள் பதில் பேசவில்லை. மூடியைத் திருகித் திறந்து, முன்னால் வந்தவர்களின் பெயர்களுக்குக் கீழே தன் பெயரை எழுதும் அந்த நொடிக்காகத்தான் பிள்ளைகள் வெயிலில் நடக்கிறார்கள்.

ஆகவே நான் தேர்ந்தெடுத்தது நான்காவது வழி, பல கட்டத் தேடல். கரையோரக் கட்டங்களில் எதையும் வைப்பதில்லை. அங்கே நிற்பவற்றையே எண்ணச் சொல்கிறோம். அந்த எண்களைக் கோத்தால் கடைசி டப்பா இருக்கும் இடம் கிடைக்கும். ஒரு டப்பாவுக்கும் அடுத்த டப்பாவுக்கும் குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும் என்ற விதி, வெறும் பார்வைக் கட்டங்களுக்குக் கிடையாது. நெருக்கமான நகருக்கு இது பெரிய வசதி.

ஜூப்ளி மணிக்கூண்டை எடுத்துக்கொள்ளுங்கள். விக்டோரியா அரசியின் அறுபதாண்டு ஆட்சிக்காக ஆண்டுக்கு ஓர் அடி வீதம் 60 அடி உயரம். ஆனால் உயரத்தைக் கேட்டால் வீட்டிலிருந்தே பதில் எடுத்துவிடுவார்கள். அடித்தளத்துக்கு எத்தனை பக்கம் என்று கேளுங்கள். சுற்றி நடந்தால்தான் தெரியும். அக்காள் மகள் ஒரு முறை சுற்றி எண்ணினாள், சந்தேகம் வந்து மறுபடியும் சுற்றினாள், "எட்டு!" என்று கத்தினாள். போர்க்காலக் குண்டுவீச்சுக்குப் பிறகு கூண்டு சற்றே சாய்ந்து நிற்பதை அந்த இரண்டாவது சுற்றில்தான் கவனித்தாள். நானும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அங்கிருந்து லெபோ பந்தாய் வழியாகத் தெற்கே. மலாயில் 'பந்தாய்' என்றால் கடற்கரை. பெயரில் கடற்கரை இருக்கிறது, தெருவில் கடல் இல்லை. ஒரு காலத்தில் அலை அடித்த விளிம்பு அதுதான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்து வெல்ட் கீயை அமைத்தார்கள். பழைய கரை மீதே நடக்கிறோம் என்று சொன்னதும் பிள்ளை தார்ச்சாலையை வேறு கண்ணால் பார்த்தாள். பிறகு வலப்புறம் திரும்பினால் நம்முடைய கடைத்தெரு, லெபோ பாசார். கடைசி டப்பா அதன் அருகில்தான். 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் ஒரு தெரு தள்ளி.

இதிலும் குறைகள் உண்டு. எண்கணக்கில் ஒரு தப்பு நேர்ந்தால் எல்லாம் கெடும். ரேகை எண்களில், பாகையின் அறுபதில் ஒரு பங்கான நிமிடத்தின் மூன்றாம் தசம இலக்கம் ஒன்று தவறினால் ஏறக்குறைய 2 மீட்டர்தான் விலகும். இரண்டாம் இலக்கம் ஒன்று தவறினால் 18 மீட்டருக்கு மேல், அதாவது வேறு கடை வாசல். கடைகளின் முன்னால் கூரையிட்ட நடைபாதையான அஞ்சடிக்குள் நுழைந்தால் ஜிபிஎஸ் தடுமாறும். ஆகவே கடைசிக் கட்டத்துக்குத் தெளிவான துப்பு ஒன்று கட்டாயம் வேண்டும். கடைக்குள் நுழைந்தே ஆக வேண்டும், ஏதாவது வாங்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால் இணையத்தில் வெளியிட அனுமதி கிடைக்காது. டப்பா வெளியே, உரிமையாளரின் சம்மதத்தோடு இருக்க வேண்டும்.

அந்தச் சம்மதம்தான் இந்த வழியின் பெரிய பலம். கரையில் டப்பாவுக்கு ஆள் கிடையாது, இங்கே உண்டு. நான் பூக்கடை அண்ணன் ஒருவரிடம் கேட்டேன். குழாயை வாங்கித் திருகிப் பார்த்தார், சீட்டை விரித்துப் பார்த்தார், அஞ்சடித் தூணுக்குப் பின்னால் தானே ஓர் இடம் காட்டினார். ஒரே நிபந்தனைதான் போட்டார்: "வெள்ளிக்கிழமை காலையில் யாரும் வர வேண்டாம் என்று எழுதிவிடு தம்பி. அன்றைக்கு மாலை கட்டவே நேரம் போதாது."

விளக்கத்தின் முதல் வரியாக அதை எழுதிவிட்டேன். தமிழிலும் மலாயிலும்.