‘ரீசேலுக்குக் கவலையே வேண்டாம் தம்பி’ என்று சொல்லி விற்ற ரவுட்டர்

கோபம் ஆறட்டும் என்று நாலு மாதம் பொறுத்திருந்தேன். ஆறவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன். செகண்ட் ஹேண்டில் மரவேலை மிஷின் வாங்க நினைக்கிறவர்கள், அதிலும் ‘நல்ல பிராண்டா வாங்கிப் போட்டா நாளைக்கு வித்துக்கலாம்’ என்று கணக்குப் போடுகிறவர்கள், ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கிப் படியுங்கள். அந்தக் கணக்கைப் போட்டு ஒரு ரவுட்டர், அதாவது மரத்தில் காடி (நீளப் பள்ளம்) எடுக்கிற மிஷின், வாங்கித்தான் நான் 12,500 ரூபாயைத் தொலைத்தேன்.

செங்கோட்டைப் பக்கம் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். நிலை, கதவு, ஜன்னல், எப்போதாவது கட்டில். எங்கள் தொழிலில் மிஷின் என்பது வீட்டில் இருக்கிற நகை மாதிரி. ஆடியில் வேலை படுத்துவிடும், அதற்கு முன்னால் ஜூனில் பள்ளிக்கூட ஃபீஸ் வந்து நிற்கும். அப்போது கை வைக்க இருப்பது வீட்டுக்காரி கழுத்தும் பட்டறை அலமாரியும்தான். என்ன பிராண்டு வாங்குகிறோம் என்பதில் அதனால்தான் இவ்வளவு யோசனை.

இந்த யோசனையை எனக்குள் போட்டவர் மாமா. நான் தொழில் கற்றுக்கொண்டது அவரிடம். அவரிடம் மகிட்டா 1900பி என்ற 82 மில்லி எலக்ட்ரிக் இழைப்புளி ஒன்று இருந்தது. கண் ஆபரேஷனுக்கு அப்புறம் இனி மிஷின் வேண்டாம் என்று விற்க முடிவு செய்தார். டீக்கடையில் ஒரு வார்த்தைதான் சொன்னார், மறுநாள் காலையில் ரெண்டு பேர் வாசலில். வாங்கிய விலையில் பாதிக்கு மேல் கிடைத்தது. இவ்வளவு வருஷம் உழைத்த மிஷினுக்கு! நானும் இனி பேர் தெரியாத மிஷின் வாங்குவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். மாமா அந்த மிஷினோடு பெட்டி, பில், பிளேடு மாற்றும் ஸ்பேனர் எல்லாவற்றையும் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டுக் கொடுத்ததைப் பார்த்தேன். பார்த்தேனே தவிர, மண்டையில் ஏறவில்லை.

மதுரையில் ஒரு கடை. பெயரைப் போடு என்று யாரும் கேட்காதீர்கள். என்னிடம் முறையான பில் இல்லை, பெயரைப் போட்டால் மாட்டப்போவது நான்தான். பழைய மிஷின், ஷோரூம் டெமோ பீஸ் என்று அடுக்கி வைத்திருப்பார்கள். நான் தேடிப் போனது 12 மில்லி காலட் (வெட்டுகிற பிட்டின் தண்டை இறுக்கிப் பிடிக்கிற வளையம்) போடும் பெரிய ரவுட்டர். அங்கே மகிட்டா 3612 என்று ஒன்று இருந்தது. தகட்டில் 1850 வாட், நிமிஷத்துக்கு 22,000 சுற்று. பாடியில் ஒரு கீறல் இல்லை. பிளக்கைச் செருகி ஓட்டிக் காட்டினார். சும்மா ஓடும்போது எல்லா ரவுட்டரும் நன்றாகத்தான் ஓடும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் மயங்கிவிட்டேன்.

“தம்பி, இது மகிட்டா. ரீசேலுக்குக் கவலையே வேண்டாம். மூணு வருஷம் ஓட்டிட்டுக் கொண்டாங்க, நானே எட்டாயிரத்துக்கு எடுத்துக்கிறேன்.”

மூணு வருஷத்துக்கு 4,500 ரூபாய் வாடகை என்று என் மனசு உடனே கணக்குப் போட்டது. பில் கேட்டேன். “பில் போட்டா 18 பர்சென்ட் சேரும். உங்களுக்கு எதுக்கு அது?” என்றார். ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பு அச்சடித்த துண்டுச் சீட்டில் ‘ரவுட்டர் 1’ என்று எழுதிக் கொடுத்தார். மாடல் நம்பர் இல்லை, சீரியல் நம்பர் இல்லை, ஜிஎஸ்டி நம்பர் இல்லை. ரெண்டாயிரம் மிச்சம் என்று நானும் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டேன். பேராசை என்னுடையதும்தான்.

முதல் ரெண்டு வாரம் பிளைவுட்டில் ஓரம் அடிக்கிற வேலை, ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது வாரம் தேக்குக் கதவு. சட்டத்தில் பேனல் இறங்க 12 மில்லி ஆழத்துக்குக் காடி எடுக்க வேண்டும். ஆறு ஆறாக ரெண்டு ஓட்டம். மூணாவது சட்டத்தில் பாதி தூரம் போனதும் சத்தம் கனத்தது. மோட்டார் திணறுகிறது என்று நினைத்து மெதுவாகத் தள்ளினேன். முடித்துவிட்டு ஆழம் அளந்தால், ஆரம்பத்தில் 12, கடைசியில் 17. ஓடிக்கொண்டே பிட் காலட்டிலிருந்து ஐந்து மில்லி கீழே நழுவியிருக்கிறது. இன்னும் கொஞ்சம் நழுவியிருந்தால் அது எந்தப் பக்கம் பறந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அதற்கு மேல் அன்றைக்கு வேலை ஓடவில்லை.

அரை இஞ்சு காலட்டில் 12 மில்லி பிட் போட்டாலும் இப்படித்தான் நழுவும், அதனால் முதலில் என் மேலேயே சந்தேகம். வெர்னியர் அளவுகோலை எடுத்துப் பார்த்தேன். பிட் சரியாக 12. காலட்டிலும் 12 என்றுதான் அடித்திருந்தது. ஆனால் பிட்டின் தண்டில் ஒரு பக்கம் மட்டும் கரிக்கோடு மாதிரி கறுப்பாக இழுத்திருந்தது. காலட் சுற்றிலும் பிடித்திருந்தால் தடம் முழுசாக விழும். இது ஒரு பக்கம்தான் பிடித்திருக்கிறது. மோட்டார்ப் பக்கம் கை வைத்தால் சுட்டது, அதோடு புது வார்னிஷ் கருகுகிற வாசனை.

மறுநாள் திருநெல்வேலி சர்வீஸ் சென்டர். அங்கே இருந்த மெக்கானிக் பையனுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். மிஷினைக் கையில் வாங்கியதுமே முகம் மாறியது. நம்பர் தகட்டின் ஓரத்தில் நகத்தை வைத்தார், அது ஸ்டிக்கர் மாதிரி எழும்பியது. “தொறக்கவா சார்?” என்றார். தொறங்க தம்பி என்றேன். மோட்டாருக்குள் சுற்றுகிற ஆர்மேச்சரை வெளியே எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். ஒரிஜினல் ஆர்மேச்சரில் கம்பி மிஷினில் சுற்றியதாக, எல்லாப் பள்ளத்திலும் ஒரே சீராக இருக்குமாம். இது கையால் சுற்றி, நூலால் கட்டி, மேலே மஞ்சள் வார்னிஷ் ஊற்றியது. பழைய பிளேடு ஒன்றால் ஒரு கம்பியை லேசாகச் சுரண்டினார். வெளியே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியக் கம்பி. செம்பு விற்கிற விலைக்கு இப்படித்தான் சுற்றித் தருகிறார்களாம். லோடு ஏறினால் சூடு, சூட்டில் வார்னிஷ் கருகும், அப்புறம் ஷார்ட்.

பேரிங்கில் கம்பெனிப் பெயரும் இல்லை, நம்பரும் இல்லை. ஆர்மேச்சரில் கார்பன் பிரஷ் உரசுகிற செம்பு உருளையான கம்யூட்டேட்டர் ஒரு தடவை லேத்தில் கடைந்து மெலிந்திருந்தது. காலட் உள்ளூர் சரக்கு. “பாடி மட்டும் ஒரிஜினல் சார். உள்ளே இருக்கிற எதுவும் எங்களோடது இல்லை” என்றார் பையன். எல்லாவற்றையும் ஒரிஜினலாக மாற்ற என்ன ஆகும் என்று கேட்டேன். விலைப் பட்டியலைப் பார்த்துவிட்டு, அதற்குப் புதுசே வாங்கிடுங்க சார் என்றார்.

இது எப்படிச் சாத்தியம் என்று தெரிந்துகொள்ளுங்கள். மகிட்டா 3612 ரவுட்டர், 3709 ட்ரிம்மர், போஷ் 2-26 ஹேமர் டிரில், இதெல்லாம் இப்போது மாடல் என்பதைத் தாண்டி பொதுப்பெயர் மாதிரி ஆகிவிட்டது. ‘3612 மாடல்’, ‘2-26 மாடல்’ என்று வேறு வேறு பெயரில் அதே அளவில் மிஷின்கள் வருகின்றன. தன் சொந்தப் பெயரில் விற்கிறவரை அதில் குற்றமில்லை. வாங்குகிறவனுக்கு என்ன வாங்குகிறோம் என்று தெரியும், ஒரு காண்ட்ராக்ட் முடிகிறவரை ஓடினால் போதும் என்று வாங்குவான். ஆனால் அளவு ஒன்றாக இருப்பதால் அந்த ஆர்மேச்சர், ஃபீல்டு காயில், சுவிட்ச் எல்லாம் ஒரிஜினல் பாடிக்குள் அப்படியே உட்கார்ந்துவிடும். பேர் தெரியாத மிஷினுக்கு யாரும் போலி செய்வதில்லை. எதற்கு ரீசேல் உண்டோ அதற்குத்தான் செய்கிறார்கள். நான் பாதுகாப்பு என்று நினைத்ததே அவர்களுக்குத் தூண்டில்.

கடைக்குத் திரும்பிப் போனேன். “செகண்ட்ஸ் பொருளுக்கு கேரண்டி கிடையாது தம்பி. அதுவும் நீங்க தொறந்துட்டீங்க. தொறந்த மிஷினை நாங்க தொடுறதில்ல.” எட்டாயிரத்துக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றீர்களே அண்ணாச்சி என்றேன். கொஞ்சமும் கூச்சப்படாமல், “ரெண்டாயிரம் தர்றேன், வச்சிட்டுப் போங்க. பாடிக்கு ஆள் இருக்கு” என்றார். கடைசி வார்த்தை காதில் விழுந்ததும்தான் புரிந்தது. என் மிஷின் இந்தக் கடைக்கு வருவது இது முதல் தடவை இல்லை. கொடுக்காமல் தூக்கிக்கொண்டு வந்தேன்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். முதல் கேள்வியே பில் இருக்கிறதா என்பது. எஸ்டிமேட் சீட்டும் ஜிபே பதிவும்தான் இருந்தன. ஒரு வக்கீல் நண்பர் சொன்ன விஷயம் நம்ம ஆட்கள் பலருக்குத் தெரியாது. தொழிலுக்கு வாங்கியதால் கேஸ் போட முடியாது என்று கடைக்காரர்கள் மிரட்டுவார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தன் பிழைப்புக்காகத் தானே உழைக்கிற சுயதொழில் செய்பவன் வாங்கினால் அவனும் நுகர்வோர்தான். வாங்கிய பொருள் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. ரெண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஆனால் ‘ரவுட்டர் 1’ என்ற சீட்டை வைத்துக்கொண்டு, இந்த மிஷின்தான் அந்த மிஷின் என்று நான் எப்படி நிரூபிப்பேன்? நல்ல பில் வைத்திருக்கிறவர்கள் விடாதீர்கள்.

இப்போது பழைய மிஷின் பார்க்கப் போனால் நான் செய்வதைச் சொல்கிறேன். பையில் ஒரு துண்டுத் தேக்கு, ஒரு 12 மில்லி பிட், வெர்னியர். அந்தக் கட்டையில் பத்து நிமிஷம் காடி எடுத்துப் பார்க்க விடாத கடையில் பேச்சே இல்லை. ஓடும்போது காற்றுத் துவாரம் வழியாக கார்பன் பிரஷ் பக்கம் பார்ப்பேன். சின்னச் சின்ன நீலப்பொறி பரவாயில்லை, கம்யூட்டேட்டரைச் சுற்றி நெருப்பு வளையம் தெரிந்தால் கிளம்பிவிடுவேன். பில்லில் மாடலும் சீரியல் நம்பரும் எழுதச் சொல்வேன். ஜிஎஸ்டி எண் என்பது எழுத்தும் இலக்கமும் கலந்து மொத்தம் 15, நம் மாநிலக் கடை என்றால் 33-ல் ஆரம்பிக்கும். அரசு தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் கடையின் பதிவுப் பெயர் வந்துவிடும்.

வயசைப் பற்றிய பொய்யும் உண்டு. ஹிட்டாச்சி பவர் டூல்ஸ் 2018 அக்டோபரில் ஹைக்கோகி என்று பெயர் மாறியது. பழைய ஸ்டாக் கொஞ்ச நாள் விற்றிருக்கும், சரி. ஆனால் இன்றைக்கு ஹிட்டாச்சி என்று எழுதிய மிஷினைக் காட்டி ‘ரெண்டு வருஷம்தான் ஓடினது’ என்று ஒருத்தர் சொன்னால், அவர் சொல்கிற மற்றதையும் அதே தராசில் போடுங்கள். போஷில் நீலம் தொழிலுக்கு, பச்சை வீட்டு உபயோகத்துக்கு. பச்சையை வாங்கி நீலத்தின் ரீசேலை எதிர்பார்க்காதீர்கள். அமெரிக்காவிலிருந்து மச்சான் கொண்டுவந்தது என்று 120 வோல்ட் மிஷின் சல்லிசாக வரும். பெரிய ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் 230-ல் செருகினால் புகைதான், திருப்பி விற்கவும் ஆள் கிடைக்காது. பேட்டரி மிஷின் என்றால் விலையைப் பேட்டரி இல்லாமல் பேசுங்கள். உள்ளே இருக்கிற செல்லுக்கு வயசாவது வெளியிலிருந்து தெரியாது.

அந்த ரவுட்டர் ரெண்டு மாதம் அலமாரியில் கிடந்தது. என் கையை விட்டுப் போனாலும் இன்னொருத்தன் ஏமாறக்கூடாது என்று பாடியில் கறுப்பு மார்க்கரால் ‘போலி’ என்று பெரிசாக எழுதி வைத்திருந்தேன். போன வாரம் பட்டறைக்கு மைக்கா இறக்க வந்த ஒருத்தர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அண்ணே, இதைக் குடுத்துடுங்க, மூவாயிரம் தர்றேன். இந்த எழுத்து தின்னர் தொட்டுத் துடைச்சா போயிரும்” என்றார்.

அவரை அனுப்பிவிட்டு, சம்மட்டியை எடுத்து பாடியை நாலு துண்டாக உடைத்தேன். பழைய இரும்புக்காரர் எடைக்கு 430 ரூபாய் கொடுத்தார்.