யாகி ஆன்டெனா: நேர் டைபோலா, மடித்த டைபோலா?

1926-இல் ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் உடாவும் யாகியும் உலகுக்குத் தந்ததுதான் மொட்டைமாடிகளில் மீன்முள் போல நின்ற அந்த ஆன்டெனா. கேபிள் இணையும் குழாயான டைபோலை அதில் இரண்டு வடிவங்களில் செய்யலாம்.

நேர் டைபோல் செய்வது எளிது: அரை அலைநீளக் குழாய், நடுவில் ஒரு வெட்டு. தனியாக நின்றால் இம்பீடன்ஸ் (மாறு மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு) சுமார் 73 ஓம். ஆனால் பின்னால் நிற்கும் ரிஃப்ளெக்டர் குழாயும் முன்னால் நிற்கும் டைரக்டர் குழாய்களும் நெருங்கியதும் அது 20, 30 ஓமுக்குக்கூடச் சரிந்துவிடும். 75 ஓம் கேபிளோடு ஒட்டாது.

மடித்த டைபோலில் வெட்டிய குழாயோடு வெட்டாத இன்னொரு குழாய் முனைகளில் இணையும்; இரண்டும் ஒரே தடிமனாக இருந்தால் இம்பீடன்ஸ் நான்கு மடங்கு. சரிந்தது மீண்டும் மேலே வரும். பேண்ட்வித்தும் (நன்றாக வேலை செய்யும் அலைவரிசை வீச்சு) அகலமாகும்; 174 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் வரை விரியும் டிவி சேனல்களுக்கு இது பெரிய பலம். வெட்டாத குழாயின் நடுவில் மின்னழுத்தம் சுழி, அதனால் எல்லாக் குழாய்களையும் தாங்கும் நடுத்தண்டான பூமில் நேரடியாகவே போல்ட் போடலாம். காற்றிலும் உறுதியாக நிற்கும்.

மடித்தால் கெயின் (ஒரு திசையில் சிக்னலைக் குவித்துப் பிடிக்கும் திறன்) கூடும் என்று கடைகளில் சொன்னால் நம்பாதீர்கள். கெயினைப் பெரிதும் தீர்மானிப்பது பூமின் நீளமும் டைரக்டர்களின் அமைப்பும்தான். ஒரே அலைவரிசையில் பேசும் ஹாம் எனும் பொழுதுபோக்கு வானொலிக்கு நேர் டைபோலும், இம்பீடன்ஸைக் கேபிளோடு பொருத்தும் ஒரு மேட்சிங் அமைப்பும் போதும். டிவிக்கும் எஃப்.எம்.முக்கும் நான் மடித்ததையே எடுப்பேன்.