பைலான்: முதலில் கேட்க ‘கைரேட்’டா, ‘சாம்ப்’பா?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகரில் 1979 வாக்கில் நுண்கலை மாணவர்கள் தொடங்கிய இசைக்குழு பைலான். நியூயார்க்கில் ஒருமுறை வாசிப்பது, பத்திரிகையில் பெயர் வந்ததும் கலைந்துவிடுவது என்பதுதான் அவர்களின் திட்டம். நல்லவேளையாக அது நடக்கவில்லை.

முதல் ஆல்பமான ‘கைரேட்’ (1980) எலும்பும் தோலுமான இசை. பேஸ் கிட்டார், டிரம்ஸ் இரண்டும் பாதையைப் போட்டுவிடுகின்றன. வழக்கத்துக்கு மாறாகச் சுருதி சேர்த்த ராண்டி பியூலியின் கிட்டார் அதன்மேல் வெட்டி வெட்டிப் போகிறது. பாடகி வனேசா பிரிஸ்கோ ஹே ஒரு சொல்லை முணுமுணுப்பார், அடுத்ததை உறுமுவார். ‘ஸ்டாப் இட்’ பாடலில் அந்தக் குரல் உடம்பையே உலுக்குகிறது.

இரண்டாவது ஆல்பமான ‘சாம்ப்’ (1983) கிறிஸ் ஸ்டேமி, ஜீன் ஹோல்டர் தயாரிப்பு. ஒலி அகலமானது, நிழல்கள் கூடின. ‘கிரேஸி’ இதில்தான் இருக்கிறது, அதை ஆர்.இ.எம். குழுவும் பின்னர் பதிவு செய்தது. மெட்டு மனத்தில் தங்க வேண்டும் என்பவர்களுக்கு இதுவே எளிய வாசல்.

என் தேர்வு தயக்கமின்றி ‘கைரேட்’. நான்கு பேரும் ஒருவருக்கொருவர் இடம்விட்டு வாசிப்பது அதில்தான் துல்லியமாகக் கேட்கிறது. ‘சாம்ப்’ வெளியான ஆண்டிலேயே குழு பிரிந்தது. மீண்டும் சேர்ந்த பின் 1990-இல் வந்த ‘செயின்’ ஆல்பத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். ‘கைரேட்’, ‘சாம்ப்’ இரண்டும் வேண்டுமென்றால், 2020-இல் வெளியான ‘பைலான் பாக்ஸ்’ தொகுப்பில் சேர்ந்தே கிடைக்கின்றன.