முன்வாசலில் செயலி, பின்பக்கம் இடுப்பளவுச் சுவர்: ஒரு பயன்பாட்டு அனுபவம்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு சென்னையின் தென்கோடியில் இருக்கிறது. மூன்று பிளாக்குகள், ஒரே முன்வாசல். நாங்கள் குடிவந்த காலத்திலிருந்து அந்த வாசலில் பாதுகாப்பின் பெயரால் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டே இருக்கின்றன: வருகைப் பதிவேடு, சிசிடிவி, தானாக ஏறி இறங்கும் தடைக்கம்பம், கைரேகைக் கருவி, கடைசியாக ஒரு செயலி. விற்க வருபவர்கள் முதல் வாரத்தில் அவை எப்படி ஓடும் என்பதைத்தான் காட்டுவார்கள். ஆண்டுக்கணக்கில் அவற்றோடு குடித்தனம் நடத்தியவர்கள் எழுதுவது குறைவு. உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு விலைப்புள்ளி வாசிக்கப்போகிறார்கள் என்றால், அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

பதிவேட்டிலிருந்து தொடங்குகிறேன், மற்ற எல்லாம் வந்த பிறகும் அது போகவில்லை என்பதால். நீள நோட்டு, நூலில் கட்டிய பேனா. பெயர், கைபேசி எண், வீட்டு எண், வந்த காரணம், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், கையெழுத்து என்று கட்டங்கள். ‘வெளியே போன நேரம்’ எந்தப் பக்கத்திலும் நிரம்பி நான் பார்த்ததில்லை. நோட்டை நம்பினால், இதுவரை வந்த கூரியர்காரர்களும் பிளம்பர்களும் மாமா அத்தைகளும் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்கள். எழுதுவதை எவரும் சரிபார்ப்பதும் இல்லை. கைபேசி எண்ணில் ஒன்பது இலக்கம்தான் இருக்கிறது என்றாலும் பேனா அடுத்தவர் கைக்குப் போய்விடும். திருட வருபவன் தன் சொந்த எண்ணைத்தான் எழுதுவான் என்று நம்பினால் ஒழிய இந்த நோட்டுக்கு அர்த்தமே இல்லை. உண்மையை எழுதியவர்களுக்குத்தான் நஷ்டம். எந்த வீட்டுக்கு யார் வந்தார், அவருடைய எண் என்ன என்பதையெல்லாம் பின்னால் நிற்கும் எவரும் படித்துக்கொள்ளலாம். தனிநபர் தரவைப் பாதுகாக்க 2023-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றிவிட்டது. எங்கள் நோட்டுகள் நிரம்பியதும் பழைய பேப்பர்க்காரரின் தராசுக்குப் போகின்றன.

இந்தக் குறைகளையெல்லாம் தீர்க்கும் என்று சொல்லித்தான் செயலியை வாங்கினார்கள். யாராவது வந்தால் வாட்ச்மேன் தன்னிடம் உள்ள கைபேசியில் வீட்டு எண்ணைத் தட்டுவார், வந்தவரைப் படம் எடுப்பார், எங்கள் கைபேசியில் மணி அடிக்கும், ‘அனுமதி’ என்பதை அழுத்தினால் அவர் உள்ளே வருவார். முதல் மாதம் நாங்கள் எல்லோரும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து அழுத்தினோம். பிறகு பார்க்காமல் அழுத்தினோம். அலுவலகக் கூட்டத்தில் இருக்கும்போது, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும்போது, மதியத் தூக்கத்தில், மணி அடித்தால் கட்டைவிரல் தானாகப் பச்சைப் பொத்தானுக்குப் போகிறது. மூன்று மாதம் கழித்து, உணவு கொண்டுவருபவர்களுக்கு நிரந்தர முன்அனுமதி கொடுத்துவிடும் வசதி இருப்பதைக் கண்டுபிடித்தோம். இப்போது கம்பெனி டி-சட்டையும் முதுகில் சதுரப் பையும் இருந்தால் யாரும் மணி அடிக்கவே தேவையில்லை.

இரவு எட்டு மணிக்கு வாசலில் ஒரே நேரத்தில் பத்து வண்டிகள் நிற்கும். வாட்ச்மேன் அறையில் சிக்னல் ஒரு கோடுதான். ஒவ்வொருவரையும் படம் எடுத்து, அனுமதி வரும்வரை நிறுத்தினால் வண்டி வரிசை சாலைக்குப் போய்விடும். எனவே ‘வீட்டுக்காரர் நேரில் அனுமதித்தார்’ என்ற தேர்வை அழுத்தி அனுப்பிவிடுகிறார். அதைத் தவறு என்று என்னால் சொல்ல முடியாது. அந்த அறையில் ஒரு மாலை நின்று பார்த்தவர் எவரும் சொல்லமாட்டார்.

ஊரிலிருந்து என் அம்மா வந்த அன்று வாசலில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். “பிள்ளை வீட்டுக்கு வருவதற்கு என் படம் எதற்கு? நான் என்ன ரேஷன் கடைக்கா வந்திருக்கிறேன்?” என்று கேட்டார். அந்தப் படம் எந்தச் சர்வரில் இருக்கிறது, எவ்வளவு காலம் இருக்கும் என்று நான் சங்கச் செயலாளரைக் கேட்டேன். கம்பெனியைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ரேஷன் கடை என்றதும் கைரேகைக் கருவி நினைவுக்கு வருகிறது. வீட்டு வேலை செய்பவர்களின் வருகையைப் பதிய அதை வாங்கினார்கள். நாளெல்லாம் சோப்பிலும் தேய்நாரிலும் ஊறிய விரல்களில் ரேகைகள் தேய்ந்துவிடும். கொத்து வேலை, வயல் வேலை செய்பவர்களுக்கும் இதே கதைதான். ரேஷன் கடைகளில் விரல் பதியாமல் முதியவர்கள் திரும்பிப்போன அனுபவத்துக்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் கருவிழிப் பதிவையும் கொண்டுவந்தார்கள். எங்கள் சங்கத்துக்கு அந்தப் பாடம் எட்டவில்லை. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்து வைப்பார், கருவி சிவப்பு விளக்கைக் காட்டும். மறுபடி துடைப்பார், மறுபடி சிவப்பு. பின்னால் நால்வர் நேரமாகிறது என்று முணுமுணுப்பார்கள். கடைசியில் வாட்ச்மேன் தன் கட்டைவிரலை வைத்துக் கதவைத் திறந்துவிடுவார். கருவியின் கணக்குப்படி, எங்கள் குடியிருப்பின் பாதிப் பாத்திரங்களைத் துலக்குபவர் அவர்தான்.

வீட்டு வேலை செய்பவர்கள் வெளியே போகும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும் என்றும் ஒரு விதி. நான் ஒரு பழைய குக்கரைக் கொடுத்தால், ‘குக்கர் 1’ என்று செயலியில் எழுதி அனுமதி தர வேண்டும், இல்லாவிட்டால் வாசலில் பறிமுதல். குடியிருப்பவர்களின் கார்கள் டிக்கி நிறையச் சாமான்களோடு வெளியே போகும்போது தடைக்கம்பம் சலாம் போட்டு உயர்கிறது. பாதுகாப்பு என்று பெயர் வைத்துவிட்டதால் இதை அவமானம் என்று யாரும் அழைப்பதில்லை. வாங்கியவற்றில் எனக்கு உண்மையாகவே கோபம் வருவது இந்த ஒன்றின் மேல்தான். மற்றவை வெறும் பணச்செலவு.

தடைக்கம்பத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கார்களை நிறுத்தும், இருசக்கர வண்டிகள் பக்கத்து இடைவெளியில் போகும், மின்சாரம் போனால் கையால் தூக்கிக் கயிற்றால் கட்டிவைப்பார்கள்.

சிசிடிவி வேறு ரகம். அதை வீண் என்று ஒரே வார்த்தையில் தள்ள நான் தயாரில்லை. சென்னைக் காவல்துறை சில ஆண்டுகளுக்கு முன் ‘மூன்றாவது கண்’ என்று தெருத்தெருவாகக் கேமரா வைக்கச் சொன்னது. சங்கிலிப் பறிப்பு வழக்குகளில் வண்டி போன வழியை அடுத்தடுத்த கேமராக்களில் தொடர்ந்து போய்ப் பிடித்ததை எல்லோரும் செய்திகளில் பார்த்திருக்கிறோம். நடந்த பிறகு தேட அது உதவும். அதற்குக்கூட அதைப் பராமரிக்க ஓர் ஆள் வேண்டும்.

எங்களிடம் பதினாறு கேமராக்கள். கீழ்த்தள வாகன நிறுத்தத்திலிருந்து பக்கத்து வீட்டுப் பையனின் சைக்கிள் காணாமல் போனபோதுதான் அவற்றின் லட்சணம் தெரிந்தது. அவர்கள் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பிய பிறகு போய்க் கேட்டால், ஹார்ட் டிஸ்க் நிரம்பிப் பழைய பதிவுகளின் மேல் புதியவை ஏறியிருந்தன. பதினாறு கேமராவுக்கு எவ்வளவு கொள்ளளவு வேண்டும் என்று வாங்கும்போது எவரும் கணக்குப் போடவில்லை. மிச்சம் இருந்த பதிவுகளிலும் கடிகாரம் நான்கு மணி நேரம் பின்தங்கி இருந்தது. இரவில் படம் எடுக்கக் கேமராவைச் சுற்றி அகச்சிவப்பு விளக்குகள் எரியும். பூச்சிகள் மொய்க்கும், பூச்சிக்குச் சிலந்தி வரும், அது கட்டும் வலை அந்த ஒளியில் வெள்ளைப் போர்வையாகத் தெரியும். எங்கள் ஐந்தாம் எண் கேமரா பல மாதங்களாகச் சிலந்தியின் வாழ்க்கையை மட்டுமே பதிவு செய்திருக்கிறது.

அன்றுதான் பதிவுப் பெட்டியின் கடவுச்சொல்லையும் பார்த்தேன். தொழிற்சாலையிலிருந்து எந்தக் கடவுச்சொல்லோடு வந்ததோ, அதுவே. இணையத்திலும் இணைத்திருந்தார்கள், செயலாளர் வெளியூரிலிருந்து பார்ப்பதற்காக. 2016-இல் மிராய் என்ற தீநிரல் (மால்வேர்) இப்படிப்பட்ட பெட்டிகளைத்தான் தேடிப் பிடித்தது. அதனிடம் பெரிய வித்தை ஒன்றும் இல்லை; தொழிற்சாலைக் கடவுச்சொற்கள் அறுபதுக்கும் மேல் கொண்ட ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. அப்படிச் சிக்கிய கேமராக்களும் பதிவுப் பெட்டிகளும் அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டைன் (Dyn) என்ற அமெரிக்க நிறுவனத்தின் மேல் ஒரே நேரத்தில் ஏவப்பட்டன. இணைய முகவரிகளைத் தேடித் தரும் நிறுவனம் அது. ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பலருக்குக் கிடைக்காமல் போயின. யார் யாரோ தங்கள் கடையையும் வீட்டையும் காக்க வாங்கி மாட்டிய கருவிகள் அவை.

சைக்கிள் எப்படிப் போயிருக்கும் என்று நான் சொல்கிறேன். குடியிருப்பின் பின்பக்கம் ஒரு காலி மனை. வடிகால் தோண்டியபோது அந்தப் பக்கத்துச் சுற்றுச்சுவர் இடிந்து, இன்று இடுப்பளவுதான் நிற்கிறது. தெருநாய்கள் அதைத்தான் வாசலாக வைத்திருக்கின்றன. செயலியில் பார்த்தால் அந்த வாரம் முழுவதும் அனுமதியில்லாமல் உள்ளே வந்தவர் ஒருவர்கூட இல்லை.

இது எங்கள் வாசலின் தனி நோய் அல்ல. வணிக வளாகத்துக்குக் காரில் போனால் டிக்கியைத் திறக்கச் சொல்லி, எட்டிப் பார்த்து, மூடச் சொல்கிறார்கள். பின்னிருக்கையில் இருக்கும் பெரிய பையைப் பற்றிக் கேட்பதில்லை. உள்ளே நுழையும் இடத்தில் மெட்டல் டிடெக்டர் வளைவு எல்லோருக்கும் ஒலிக்கிறது, எல்லோர் பையிலும் கைபேசியும் சாவியும் இருக்கின்றன. எல்லோருக்கும் ஒலிப்பதால் எவரையும் நிறுத்துவதில்லை. நம் விமான நிலையங்களில் கைப்பையில் ஒரு அட்டையைக் கட்டி அதில் முத்திரை குத்துவார்கள், நினைவிருக்கிறதா? பையை ஸ்கேன் செய்வது அங்கேயே நடந்துவிடும். ஆனாலும் முத்திரை இல்லை என்று விமானம் ஏறும் வாயிலிலிருந்து மனிதர்களைத் திருப்பி ஓடவிடுவார்கள். 2017 ஏப்ரலில் தில்லி, மும்பை உள்ளிட்ட 7 விமான நிலையங்களில் முதலில் அதைக் கைவிட்டார்கள். அதற்குள் ஒரு தலைமுறைப் பயணிகள் அந்த அட்டையை உயிர்போல் காத்துப் பழகிவிட்டார்கள்.

இதைவிடக் கொடியது ஈராக்கில் நடந்தது. ஜேம்ஸ் மெக்கார்மிக் என்ற பிரிட்டன் வியாபாரி ஏடிஇ 651 என்ற பெயரில் வெடிகுண்டு கண்டறியும் கருவி ஒன்றை விற்றார். கைப்பிடியில் சுழலும் ஓர் ஆண்டெனா, அவ்வளவுதான். உள்ளே வேலை செய்யும் எதுவும் இல்லை. கோல்ஃப் பந்து தேடுவதற்கு என்று விற்ற விளையாட்டுச் சாமானிலிருந்து பிறந்த சரக்கு. ஈராக் அதற்குப் பல கோடி டாலர் கொடுத்துச் சோதனைச் சாவடிகளில் வைத்தது. 2013-இல் லண்டன் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டுச் சிறை விதித்தது. ஆனால் பாக்தாத் சாவடிகளில் கருவி தொடர்ந்து சுழன்றது. 2016 ஜூலையில் கர்ராதா பகுதியில் வெடித்த குண்டில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகுதான் பிரதமர் அபாதி அதைத் திரும்பப் பெற உத்தரவிட்டார். பயனற்றது என்று நீதிமன்றமே சொன்ன பிறகும் மூன்று ஆண்டுகள்.

ஏன் என்று எங்கள் சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்தால் புரியும். செயலி வந்துவிட்டதே, நோட்டை எடுத்துவிடலாம் என்று நான் சொன்னேன். “எடுத்த மறுநாள் ஏதாவது நடந்தால் யார் சார் பதில் சொல்வது?” என்று செயலாளர் கேட்டார். நியாயமான கேள்விதான். வைத்தவரை யாரும் கேட்பதில்லை, எடுத்தவரைத்தான் கேட்பார்கள். அதனால் எதையும் எடுப்பதில்லை, மேலே மேலே வைக்கிறார்கள். திருடனிடமிருந்து எங்களைக் காப்பதைவிட, எங்கள் கேள்விகளிலிருந்து சங்கத்தைக் காப்பதில் இவை எல்லாம் நன்றாக வேலை செய்கின்றன என்பதையும் ஒரு நிறையாக எழுதிவைக்கிறேன்.

உண்மையில் பலன் தந்தது எது என்று கேட்டால், ஆரம்ப காலத்தில் இருந்த வாட்ச்மேன். விழுப்புரம் பக்கத்துக்காரர், அறுபது வயதைத் தாண்டியவர். எந்தப் பிள்ளை எந்த வீடு, யார் வீட்டில் யார் ஊருக்குப் போயிருக்கிறார்கள், எந்தக் கேஸ் சிலிண்டர்காரர் வழக்கமானவர் என்று அத்தனையும் அவருக்குத் தெரியும். பழக்கமில்லாத முகம் என்றால் எழுந்து நின்று, “யாரைப் பார்க்க வேண்டும் தம்பி?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்குத் தடுமாறித் திரும்பிப் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஏஜென்சி மாறியபோது அவர் போய்விட்டார். ஒரே இடத்தில் நீண்ட நாள் இருந்தால் ஆள்களோடு கூட்டுச் சேர்ந்துவிடுவார்களாம். அதனால் புது ஏஜென்சி சில மாதங்களுக்கு ஒருமுறை ஆளை மாற்றுகிறது. இப்போது இருப்பவர் பன்னிரண்டு மணி நேர வேலையில் குனிந்து திரையைத் தட்டிக்கொண்டிருக்கிறார். வருபவரின் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவருக்கு நேரம் இல்லை, அது அவருடைய வேலைப் பட்டியலிலும் இல்லை.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் விற்பவரிடம் இவற்றைக் கேளுங்கள்: மின்சாரமும் இணையமும் போனால் வாசலில் என்ன நடக்கும்? படங்கள் எங்கே இருக்கும், எப்போது அழியும், அதை எழுத்தில் தருவீர்களா? எத்தனை நாள் பதிவு நிற்கும்? கடவுச்சொல்லை யார் மாற்றுவார்? கேமரா முகப்பை யார் துடைப்பார்? கைரேகைக் கருவியை மட்டும் வாங்காதீர்கள். வாங்கினால், சங்க நிர்வாகிகளும் தினமும் வரிசையில் நின்று விரல் வைக்க வேண்டும் என்று விதி செய்யுங்கள்.

அடுத்த பொதுக்குழுவில் முகத்தை அடையாளம் காணும் கேமராவுக்கு விலைப்புள்ளி வருகிறது. பின்சுவரை உயர்த்துவது, படிக்கட்டு விளக்குகளை மாற்றுவது, ஆளை அடிக்கடி மாற்றக் கூடாது என்று ஏஜென்சி ஒப்பந்தத்தில் எழுதுவது, வாட்ச்மேன் அறைக்குக் கழிப்பறை கட்டுவது என்று நான்கு கோரிக்கைகளை எழுதிக் கொடுத்திருக்கிறேன். விளக்குக்குச் சரி என்றார்கள். ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கிறார்களாம். கழிப்பறை பரிசீலனையில் இருக்கிறது. சுவருக்கு இந்த ஆண்டு நிதி இல்லையாம். பின்பக்கம் நோக்கி ஒரு கேமரா கூடுதலாக வைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.