மாதிரி நீராவி இயந்திரமும் பித்தளைத் தகடும்: நீண்டகாலப் பயன்பாட்டில் கண்டவை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டத்தை ஒட்டிய வீட்டின் பின்கட்டில் சிறிய லேத் (உலோகம் கடையும் இயந்திரம்) ஒன்றை வைத்து, நீராவியில் ஓடும் மாதிரி இயந்திரங்களையும் அவற்றுக்கான பித்தளைப் பெயர்த் தகடுகளையும் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். இவ்வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, இரண்டையும் ஒரே அறையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான். தகட்டை அரிக்கும் ஃபெரிக் குளோரைடுக் கரைசலின் மூடி சற்றுத் தளர்ந்திருந்தாலே, அதன் ஆவி எஃகுக் கருவிகளில் துருவை ஏற்றிவிடும். பிற்பகல் மழையும் ஓயாத ஈரப்பதமும் உள்ள நம் ஊரில் அது இன்னும் விரைவு. எனவே கரைசல் வெளிக்கொட்டகையில் இருக்கிறது. லேத்தின் படுகையும், கடையும் பொருளைப் பிடிக்கும் சக்கின் தாடைகளும் வேலை முடிந்த கையோடு எண்ணெய்த் துணியால் துடைக்கப்படுகின்றன.

தொடக்கத்துக்கு ஊசலாடும் சிலிண்டர் கொண்ட இயந்திரமே ஏற்றது. அதில் தனி வால்வு கிடையாது. சிலிண்டர் தன் அச்சில் ஆடும்போது அதன் துளை, தாங்குதகட்டில் நீராவி வரும் துளையுடனும் வெளியேறும் துளையுடனும் மாறி மாறிப் பொருந்துகிறது. ஆகவே உரசும் இரு முகங்களும் சமதளமாக இருப்பதில்தான் இயந்திரத்தின் உயிர் இருக்கிறது. தடித்த கண்ணாடியின் மீது 600, பிறகு 1000 எண் உப்புத்தாளை விரித்து, முகத்தில் மார்க்கர் மையைப் பூசி, மை எல்லா இடத்திலும் ஒரே சீராக மறையும் வரை தேய்க்கிறேன். இப்படிப் பொருத்திய இயந்திரம் சைக்கிள் பம்பின் காற்றிலேயே சுழலும். அதன் பின்னர், சிலிண்டர் விட்டமும் வீச்சும் (பிஸ்டன் நகரும் தூரமும்) முக்கால் அங்குலமாக உள்ள ஸ்டூவர்ட் 10வி போன்ற, நாமே கடைந்து பொருத்த வேண்டிய வார்ப்புப் பாகங்களின் தொகுப்புக்குப் போகலாம். கொதிகலனில் மட்டும் சமரசமே கூடாது: மூட்டுகளில் வெள்ளிக் கலவைப் பற்றவைப்பு, பாதுகாப்பு வால்வு, நெருப்பு மூட்டும் முன் நீரை அழுத்தி நிரப்பிப் பார்க்கும் நீரழுத்தச் சோதனை மூன்றும் வேண்டும். "தண்ணி மட்டம் தெரியாம நெருப்ப ஏத்தாதீங்க தம்பி" என்று, செம்பனை ஆலையில் பாய்லர் பார்த்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு அண்ணன் இன்றும் நினைவூட்டுகிறார்.

தகட்டு வேலையில் தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம் தேவை. கரைசல் கீழ்நோக்கி மட்டுமல்லாமல் பக்கவாட்டிலும் அரிப்பதால், எழுத்தைப் பள்ளமாக விட்டால் சுழிகளின் உள்ளே உள்ள சிறு திட்டு கரைந்துபோகும்; மேடாக விட்டால் மெய்யெழுத்தின் புள்ளி உதிர்ந்துவிடும். கோடு தடித்து, சுழி அகன்று, புள்ளி பெரிதாக உள்ள எழுத்துருவே தாங்குகிறது. லேசர் அச்சை இடவலம் மாற்றி எடுத்து, தண்ணீர் முத்துமுத்தாக ஒதுங்காமல் படர்ந்து நிற்கும் அளவுக்குத் துலக்கிய பித்தளையில் இஸ்திரிப்பெட்டியால் ஏற்றுகிறேன்; அச்சு மை ஒட்டிய இடத்தைக் கரைசல் அரிக்காது. தகட்டின் பின்புறத்தை நாடாவால் மூடிச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் கசடு தானே கீழே விழும். தொட்டியை வெந்நீரில் வைத்து ஏறக்குறைய 40 பாகை செல்சியஸில் வைத்திருந்தால் வேலை சீராக நடக்கும். சிறிது சிட்ரிக் அமிலம் சேர்த்தால் கசடும் குறையும்.

ரப்பர் பால் உறைய ஃபார்மிக் அமிலம் ஊற்றிய குடும்பங்களுக்குக் கையுறையும் கண்ணாடியும் புதிதல்ல. ஆனால், செம்பு கலந்த பழைய கரைசலைச் சாக்கடையில் ஊற்றினால் அது ஆற்று மீன்களைக் கொல்லும். மூடிய பிளாஸ்டிக் கலனில் சேர்த்துவைத்து, இரசாயனக் கழிவை ஏற்பவர்களிடமே கொடுக்கிறேன்.